பலியாணையும் சான்றுச்சீட்டும்: கி.பி. 250இல் கிறித்தவரின் துணிவு பற்றிய ஒரு மறுஆய்வு

பேரரசன் தேசியுஸ் கி.பி. 249ஆம் ஆண்டின் இறுதியிலோ 250இன் தொடக்கத்திலோ பிறப்பித்த பலியாணை, திருச்சபை வரலாற்று நூல்களில் நெடுங்காலமாக ‘ஏழாவது துன்புறுத்தல்’ என்று எண்ணப்பட்டு வந்தது. நீரோ முதல் தியோக்கிளேசியன் வரை துன்புறுத்தல்கள் பத்து என்னும் இந்தக் கணக்கை ஐந்தாம் நூற்றாண்டில் ஓரோசியுஸ் எகிப்தின் பத்து வாதைகளோடு ஒப்பிட்டு வகுத்தார். அவருடைய காலத்திலேயே அகுஸ்தீன் அதை ஏற்கவில்லை. ஆயினும் மறைக்கல்வி நூல்களுக்கு வசதியான கணக்கு என்பதால் அது நிலைத்துவிட்டது. அண்மைக்காலத்தில் இந்தக் கணக்கை மட்டுமன்றி அதன் அடிப்படையையே கேள்விக்கு உள்ளாக்கியவர் கேண்டிடா மோஸ். ‘துன்புறுத்தல் என்னும் புனைவு’ என்று பொருள்படும் தலைப்பில் 2013இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல், தேசியுஸின் ஆணை கிறித்தவரைக் குறிவைத்து எழுந்ததன்று, பேரரசின் ஒற்றுமையை வேண்டி எழுந்தது, கிறித்தவர் அதில் தற்செயலாகச் சிக்கியவர்களே என்று வாதிடுகிறது. இந்த வாசிப்பின் முதற்பாதி சரி என்பதும், அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு சான்றுகளுக்குப் பொருந்தவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மோஸின் நிலைப்பாட்டை அதற்குரிய வலிமையோடு எடுத்துரைப்பது முறை. அவர் ‘துன்புறுத்தல்’, ‘குற்றவழக்கு’ ஆகிய இரண்டையும் பிரித்துப் பார்க்கிறார். ஒரு குழுவை அதன் நம்பிக்கைக்காகவே வெறுத்து அழிக்க முற்படுவது முன்னது; எல்லார்க்கும் பொதுவான சட்டத்தை மீறியவரைத் தண்டிப்பது பின்னது. ஆணை பேரரசின் குடிகள் அனைவருக்கும் உரியது. கிறிஸ்துவை மறுதலிக்கும்படி அது கேட்டதாகத் தெரியவில்லை. தேவர்களுக்குப் பலியிட்டால் போதுமானது. ஆகவே 250இல் நடந்தது பெரும்பாலும் குற்றவழக்கே என்றும், முந்நூறு ஆண்டுகளில் பேரரசு முழுவதும் பரவிய துன்புறுத்தல் மொத்தம் பத்து ஆண்டுகளுக்கும் குறைவு என்றும் அவர் கணக்கிடுகிறார். மறைசாட்சியர் வரலாறுகள் பலவும் பிற்காலத்தில் விரித்தெழுதப்பட்டவை என்ற அவருடைய எச்சரிக்கையும் நியாயமானதே. முன்னைய அரசன் பிலிப்பின் மீதிருந்த பகையால் தேசியுஸ் கிறித்தவர்மேல் பாய்ந்தான் என்று எவுசேபியுஸ் எழுதிச் சென்ற காரணத்தை இன்று எவரும் அப்படியே ஏற்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

மோஸின் வாதத்துக்குத் துணைநிற்பவை எகிப்தின் பப்பிரசு ஏடுகளில் கிடைத்த சான்றுச்சீட்டுகள். இலத்தீனில் ‘லிபெல்லுஸ்’ எனப்படும் இவற்றில் முதலாவது 1893இல் வெளியிடப்பட்டது. 1923இல் நிப்ஃபிங் 41 சீட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார். அவற்றில் 34 பையூம் பகுதியின் தெயாதெல்பியா என்னும் ஒரே ஊரைச் சேர்ந்தவை. அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே: பலிகளை மேற்பார்வையிடத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு முகவரியிட்டு, விண்ணப்பதாரர் தம் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றைக் கூறி, தாம் எப்போதும் தேவர்களை வழிபட்டு வந்ததாகவும் இப்போது அவர்கள் முன்னிலையில் ஆணைப்படி நீர்மப்படையல் ஊற்றி, பலியிட்டு, பலியுணவைச் சுவைத்ததாகவும் சொல்லி, அதற்குச் சான்று கோருகிறார். கிறித்தவர் என்ற சொல் எந்தச் சீட்டிலும் இல்லை. அர்சினோயே நகரில் முதலை வடிவத் தெய்வமான பெத்தெசூக்கோஸின் பூசாரிணியாக இருந்த அவுரேலியா அம்மோனூஸ் என்பவளும் இத்தகைய சீட்டு ஒன்றைப் பெற்றிருக்கிறாள். நாள்தோறும் படையல் இடுவதே தொழிலாகக் கொண்ட ஒருத்தியிடமே பலியிட்டதற்குச் சான்று கேட்கப்பட்டது என்றால், ஆணை ஐயத்துக்கு உரியவர்களுக்கு மட்டும் என்ற பழைய கருத்து நிற்காது. இதுவரை மோஸோடு உடன்படுவதில் தடையில்லை.

ஆனால் இந்த இடத்தில்தான் சீட்டுகளை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தெயாதெல்பியாச் சீட்டுகளில் பொதுவாக மூன்று கைகள் தெரிகின்றன. விண்ணப்பத்தின் உடற்பகுதியையும் இறுதியில் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றையும் ஊர் எழுத்தர் எழுதியிருக்கிறார். இடையே அவுரேலியுஸ் செரெனுஸ், அவுரேலியுஸ் எர்மாஸ் ஆகிய இருவரும் விண்ணப்பதாரர் பலியிடக் கண்டதாக இரண்டாம் கையில் ஒரு வரி. அதன்கீழ் எர்மாஸின் ஒப்பம் வேறொரு கையில், தேர்ச்சியற்ற எழுத்தில். பெலியாஸ் என்னும் பெண்ணும் அவள் மகள் கப்பீனிசும் ஒரே சீட்டில் சான்று பெற்றிருக்கிறார்கள். அவுரேலியா காரிஸ் என்பவளின் சீட்டோ இரண்டு படிகளாகக் கிடைத்திருக்கிறது. நிப்ஃபிங்கின் தொகுப்பில் 11, 26 என்ற எண்களைக் கொண்ட இவ்விரு படிகளும் ஆய்வாளர்களால் பெரும்பாலும் போகிறபோக்கில் குறிப்பிடப்படுபவை. ஒரே ஆள், ஒரே சடங்கு, இரண்டு தாள் என்றால், ஒன்று அவளிடமும் மற்றொன்று அலுவலகக் கோப்பிலும் இருக்க வேண்டியது என்று கொள்வதே இயல்பு. ஒரே ஊரிலிருந்து 34 சீட்டுகள் கிடைத்ததற்கும் இதுவே தக்க விளக்கமாகத் தோன்றுகிறது. வீட்டுக்கு வீடு சிதறியிருந்த தாள்கள் இப்படிச் சேர்ந்து கிடைப்பது அரிது. இரு படிகள் ஏன் ஒரே இடத்தில் எஞ்சின என்ற கேள்விக்கு இந்த விளக்கத்தில் விடை இல்லை என்பதையும், ஒரு பெண்ணின் இரு தாள்களிலிருந்து பேரரசின் நடைமுறையை ஊகிப்பது துணிச்சலான செயல் என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் கோப்பு இருந்தது என்று கொண்டால், அதன் விளைவு பெரியது. கோப்பில் பெயர் உள்ளவர் யார் என்பது தெரிந்தால், பெயர் இல்லாதவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

இந்த மாற்றத்தின் அளவை உணர்வதற்கு ஏறத்தாழ 138 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பித்தினியாவின் ஆளுநராக இருந்த பிளினி கி.பி. 112 அளவில் பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதமும் அதற்கு வந்த மறுமொழியும் வகுத்த நடைமுறையில், கிறித்தவரைத் தேடிப் பிடிக்கக் கூடாது. பெயரிடாத முறையீடுகளை ஏற்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டு மன்றில் நின்றவர் மறுதலித்துப் பலியிட்டால் விடுவிக்கலாம், நிலைத்து நின்றால் தண்டிக்கலாம். அயலார் எவரும் காட்டிக் கொடுக்காத வரையில் ஒரு கிறித்தவக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அமைதியாக வாழ்ந்துவிட முடிந்தது. துணிவு என்பது வழக்கு வந்த சிலருக்கு மட்டும் நேர்ந்த சோதனையாக இருந்தது. தேசியுஸின் ஆணை இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. குற்றம் சாட்டுபவர் தேவையில்லை. சும்மா இருப்பதே வெளிப்படையான செயலாகிவிட்டது. 212இல் கரக்கல்லா ஏறக்குறைய எல்லாக் குடிகளுக்கும் உரோமைக் குடியுரிமை வழங்கியதன் பின்னணியில், வரிவசூல் முறையைப் போன்ற பதிவுமுறையால் சமயக் கடமை தனியாள் மீது சுமத்தப்பட்டது என்று 1999இல் ரைவ்ஸ் காட்டியிருக்கிறார். ஆணை எல்லார்க்கும் பொதுவானது என்ற செய்தியை மோஸ் அழுத்திச் சொல்கிறார். அது தனியாள் தனியாளாகப் பதிவு செய்தது என்ற செய்தியின் விளைவை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

அரசனின் உள்நோக்கத்தைத் துன்புறுத்தலின் அளவுகோலாக்குவதில் இன்னொரு இடரும் உண்டு. ஆணையின் வாசகம் அழிந்துவிட்டது. அதை முகவுரையோடு படித்தவர் இன்று எவருமில்லை. எஞ்சியிருப்பவை அதன் கீழ்மட்ட நிறைவேற்றம் பற்றிய சான்றுகளே. அவற்றில் சிமிர்னா நகரின் மூப்பர் பியோனியுஸ் பற்றிய கிரேக்க வரலாறு மோஸின் வாசிப்புக்கு நேர் எதிராக நிற்கிறது. மறைசாட்சி பொலிக்கார்ப்பின் நினைவுநாளில், கோயில் காவலர் பொலெமோன் என்பவர் கிறித்தவரைத் தேடி இழுத்து வந்து பலியிடச் செய்வதற்கென்றே நியமிக்கப்பட்ட ஆட்களோடு பியோனியுஸின் வீட்டுக்கு வருகிறார். இதை முன்னுணர்ந்த பியோனியுஸ், தம் கழுத்திலும், உடனிருந்த சபீனா, அஸ்கிலேப்பியாதெஸ் ஆகியோரின் கழுத்திலும் முன்கூட்டியே சங்கிலிகளை மாட்டி வைத்திருக்கிறார். தெருவில் தாங்கள் நடந்து செல்வதைக் காண்பவர்கள், மற்றவர்களைப் போலப் பலியுணவை உண்ணப் போகிறார்கள் என்று எண்ணிவிடாமல், சிறைக்குப் போகிறார்கள் என்று அறிய வேண்டும் என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்நகரின் ஆயர் யூக்தெமோன் அதற்குள் பலியிட்டுவிட்டார் என்ற செய்தி, அந்தச் சங்கிலிகளுக்கு முன் எத்தனை பேர் அதே தெருவில் வேறு காரியமாக நடந்திருப்பார்கள் என்பதைப் புரியவைக்கிறது.

இந்த நூலின் நம்பகத்தன்மை தீர்ந்த விவகாரமன்று. எவுசேபியுஸ் பியோனியுஸை மார்க்கு அவுரேலியுஸ் காலத்தவர் என்று எழுதினார். நூலின் கையெழுத்துப் படிகளோ 250ஆம் ஆண்டின் கான்சல்களைக் குறித்து, அவர் இறந்த நாளாக மார்ச்சு 12ஐத் தருகின்றன. நூலில் வரும் உரைகள் நீட்டி எழுதப்பட்டவை என்று கருத இடமுண்டு. ஆனால் தம் மறைவுக்குப் பின் 1994இல் வெளிவந்த உரையில் லூயி ரொபேர், சிமிர்னாவின் இடங்கள், பதவிகள், ஆட்பெயர்கள் ஆகியவை இந்நூலில் எவ்வளவு துல்லியமாக இருக்கின்றன என்பதைக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். தவிர, பிற்காலத்தில் புனைபவர் எவரும் தம் நகரின் ஆயரைப் பலியிட்டவராக்கிப் புனைய விரும்பியிருக்க மாட்டார். ஆகவே ‘தேடுவதற்கென நியமிக்கப்பட்டவர்கள்’ என்ற குறிப்பை ஒதுக்கிவிட வேண்டுமானால் அதற்கு உரிய காரணம் காட்டப்பட வேண்டும். மறைசாட்சியர் வரலாறுகள் பொதுவாக ஐயத்துக்குரியவை என்ற பொதுவிதி மட்டும் போதாது. ஆணையில் கிறித்தவர் பெயர் இல்லாமல் இருந்திருக்கலாம். சிமிர்னாவின் அலுவலர்களுக்கு அது யாரைப் பற்றியது என்பதில் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

அலெக்சாந்திரியாவில் நிலைமை இன்னும் சிக்கலானது. அந்நகரின் ஆயர் தியோனீசியுஸ் அந்தியோக்கியாவின் ஃபாபியுசுக்கு எழுதிய கடிதத்தின்படி, அங்கே வன்முறை ஆணைக்கு ஓராண்டு முன்பே கும்பலால் தொடங்கிவிட்டது. ஆணை வந்தபின் பலியிட முன்வந்தவர்களில் சிலர் தாங்களே பலியாகப் போகிறவர்களைப் போல வெளிறி நடுங்கினர் என்றும், சூழ்ந்து நின்ற கூட்டம் அவர்களை எள்ளி நகைத்தது என்றும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். அதே கடிதத்தில்தான் நான்கு படைவீரரும் ஒரு முதியவரும் வருகின்றனர். மன்றில் நின்ற ஒருவர் மறுதலிக்கும் தறுவாயில் இருந்தபோது, அருகே நின்ற இவர்கள் பல்லைக் கடித்தும் முகத்தைச் சுளித்தும் கைகளை நீட்டியும் அவருக்குச் சைகை காட்டினர். எல்லார் பார்வையும் தங்கள் மேல் திரும்பியதும், எவரும் பிடிப்பதற்கு முன்பே தாங்களாக மேடைக்கு ஓடிச் சென்று தாங்களும் கிறித்தவர் என்றனர். அம்மோன், சேனோன், தொலெமி, இன்கேனுவுஸ் என்று பெயர்கள் கடிதத்தில் தரப்பட்டிருக்கின்றன. ஐந்தாமவர் பெயர் தெயோப்பிலுஸ். நடுங்கியது அவர்களல்லர், நீதிமன்றத்தாரே என்று தியோனீசியுஸ் சேர்த்துக்கொள்வது ஆயருக்குரிய மிகை என்று கொண்டாலும், சைகை பற்றிய விவரம் மிகைக்குத் தேவைப்படாத ஒன்று.

கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானின் கடிதங்கள் மோஸுக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேசுகின்றன. ஆணை வந்ததும் அவர் மறைவிடம் சென்றார். உரோமைக் குருமார் அதைக் குறைகூறினர். பலியிட்டவர், தூபம் மட்டும் இட்டவர், பலியிடாமல் சீட்டை மட்டும் பெற்றவர் என்று வழுவியோரை அவர் வகைப்படுத்துகிறார். மூன்றாம் வகையினரில் ஒருவரின் வாதத்தை 55ஆம் கடிதம் பதிவு செய்திருக்கிறது: தாம் கிறித்தவர், பலியிட இயலாது என்று அலுவலரிடமே சொல்லி, அதற்கு ஈடாகப் பணம் கொடுத்துச் சீட்டைப் பெற்றதாக அவர் முறையிடுகிறார். கிறித்தவர் என்று அறிக்கையிட்ட ஒருவரைக் கைது செய்யாமல் பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்ட இந்த அலுவலர், பெயரன்று சடங்கே கேட்கப்பட்டது என்னும் மோஸின் கூற்றுக்கு அவரே காட்டாத நல்ல சான்று. ஆனால் அதே காட்சி, சீட்டு வழங்கும் மேசையின் இருபுறமும் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தே இருந்தது என்பதையும் காட்டுகிறது. அந்த மனிதர் செய்தது துணிவா கோழைத்தனமா என்பதில் திருச்சபைக்குள்ளேயே ஒருமித்த கருத்து உருவாகவில்லை. தெர்த்துல்லியன் முன்னமே கையூட்டுக் கொடுத்துத் தப்புவதைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். 306இல் அலெக்சாந்திரியாவின் பேதுரு எழுதிய ஒழுங்குமுறைக் கடிதமோ, பணம் கொடுத்துத் தப்பியவர்களைக் குற்றம் சாட்ட வேண்டியதில்லை என்கிறது.

ஆணையின் காலவரிசை இன்னும் தெளியவில்லை. உரோமை ஆயர் ஃபாபியான் 250 சனவரி 20இல் இறந்தார். பியோனியுஸ் கைதானது பிப்ரவரியில். நாள் தெரிந்த எகிப்தியச் சீட்டுகளோ சூன் 12க்கும் சூலை 14க்கும் இடைப்பட்டவை. முதலில் தலைவர்கள், பிறகு எல்லாரும் என இரு கட்டங்களாக ஆணை வந்தது என்று சிலர் விளக்குகின்றனர்; ஒரே ஆணை மாகாணங்களுக்கு வெவ்வேறு வேகத்தில் சென்றது என்று வேறு சிலர் கூறுகின்றனர். முதல் விளக்கம் உறுதியானால் தேசியுஸின் குறி கிறித்தவர் அல்லர் என்ற கருத்து பெரிதும் தளரும். சான்று அவ்வளவு தூரம் செல்லவில்லை. இரண்டாவது விளக்கமே இப்போதைக்கு எளியது. எனினும் ஃபாபியானின் இறப்பு அவ்வளவு முன்னதாக நிகழ்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம். பகை அரசன் ஒருவன் எழுந்தான் என்ற செய்தியைக்கூட, உரோமையில் புதிய ஆயர் ஒருவர் வந்துவிட்டார் என்ற செய்தியைவிடப் பொறுமையோடு தேசியுஸ் கேட்டிருப்பான் என்று சிப்ரியான் எழுதுவது, எதிர்தரப்பின் கூற்றே ஆயினும், அந்த ஆண்டிலேயே உரோமையோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த ஒருவரின் கூற்று. அங்கே ஆயர் இருக்கை 251 மார்ச்சு வரை நிரப்பப்படாமலே இருந்தது.

தேசியுஸ் 251இல் அப்ரித்துஸ் போரில் இறந்ததோடு ஆணை செயலிழந்தது. வலேரியான் 257இலும் 258இலும் பிறப்பித்த ஆணைகள் ஆயர்களையும் மூப்பர்களையும் பெயர் சொல்லியே குறிவைத்தன. சிப்ரியான் 258 செப்டம்பர் 14இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். சீட்டுமுறையை வலேரியான் மீண்டும் கையாளவில்லை. எகிப்துக்கு வெளியே தேசியுஸ் காலச் சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை; கிடைத்தவற்றில் கிறித்தவருடையது என்று உறுதியாகச் சொல்லத்தக்கதும் ஒன்றில்லை.