கைப்பேசி போகலாம், மின்கலம் போகக்கூடாதா?



சென்ற பள்ளி விடுமுறைக்குச் சற்று முன்பு, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என்னைச் சந்தித்தார். வெளிநாட்டில் பயிலும் தம் மூத்த மகனுக்கு ஒரு கைப்பேசியையும் ஒரு பவர் பேங்கையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்புவதற்காக அவர் அஞ்சல் நிலையம் சென்றிருக்கிறார். முகப்பில் இருந்தவர் கைப்பேசியை ஏற்றுக்கொண்டு, பவர் பேங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே பேட்டரிதானே ஐயா? கைப்பேசிக்குள் இருந்தால் போகலாம், தனியாக இருந்தால் போகக்கூடாதா? இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. அன்று சுருக்கமாக ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால், அதற்குரிய முழுமையான விடை ஒரு வரியில் அடங்குவதன்று. அது முப்பத்தைந்து ஆண்டு வரலாறு. அவ்வரலாற்றில் எனக்கும் வெட்கப்படத்தக்க ஒரு சிறு பங்கு உண்டு. அதை இறுதியில் சொல்கிறேன்.

உலோகங்கள் அனைத்திலும் எடை குறைந்தது இலித்தியம். நீரில் இட்டால் மிதக்கும் அளவுக்கு இலேசானது. குறைந்த எடையில் மிகுந்த ஆற்றலைச் சேமிக்க இயலும் என்பதால்தான் கையடக்கக் கருவிகளைச் செய்வோர் இதனை நாடினர். ஆனால், தொடக்கமே நல்ல சகுனமாக அமையவில்லை. இலித்திய உலோகத்தைக் கொண்டு செய்யப்பட்ட, மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க மின்கலங்கள் 1989-ஆம் ஆண்டு சப்பானில் கைப்பேசிகளில் தீப்பற்றின. அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1991-இல், சோனி நிறுவனம் உலோகத்திற்குப் பதிலாக இலித்திய அயனிகளைப் பயன்படுத்தும் மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று நம் சட்டைப் பையில் இருப்பது அதன் வழிவந்ததே. இதற்கு வித்திட்ட குடினஃப், விட்டிங்காம், யொசினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மின்கலம் பழையதைவிடப் பாதுகாப்பானது. ஆயினும் முற்றிலும் தீங்கற்றதன்று. இதனுள் இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. நேர்மின்வாயையும் எதிர்மின்வாயையும் பிரித்து வைத்திருப்பது மிக மெல்லிய ஒரு படலம் மட்டுமே. மின்கலம் நசுங்கினாலோ, துளைபட்டாலோ, அதன் இரு முனைகளையும் ஒரு சாவியோ நாணயமோ இணைத்துவிட்டாலோ உள்ளே வெப்பம் பெருகும். அவ்வெப்பம் மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும். ஒரு கலம் வெடித்தெரிந்தால் அருகிலுள்ள கலம் சூடேறும். அடுத்து அதுவும் எரியும். பத்தாயிரம் கலங்கள் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டிருந்தால் என்ன நேரும் என்பதை நம் ஊகத்திற்கே விட்டுவிடலாம்.

ஊகிக்கும் தேவையின்றி உலகம் அதை நேரிலேயே கண்டது. 1999 ஏப்ரல் 28-ஆம் நாள், சப்பானின் ஒசாகாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் சென்றடைந்த பயணியர் விமானம் ஒன்றிலிருந்து மின்கலப் பொதிகள் இறக்கப்பட்டன. அவை ஒருமுறை மட்டும் பயன்படும் இலித்திய உலோக மின்கலங்கள். இறக்கிய பின் கையாளுகையில் அடிபட்ட பொதிகளில் தீ மூண்டது. அணைத்த தீ மீண்டும் பற்றியது. தரையில் நேர்ந்ததால் உயிரிழப்பு இல்லை. அதே தீ சில மணி நேரம் முன்னதாக, பசிபிக் பெருங்கடலின் மேல், பயணியரின் காலடியில் மூண்டிருந்தால்?

பின்னர் அமெரிக்காவில் நடத்திய சோதனைகளில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. விமானச் சரக்கறைகளில் தீயணைக்கப் பயன்படும் ஹேலோன் வாயுவால் இலித்திய உலோக மின்கலத் தீயை அடக்க இயலவில்லை. ஆகவே, 2004 டிசம்பரில் அவ்வகை மின்கலங்களைப் பயணியர் விமானங்களில் சரக்காக ஏற்றுவதற்கு அந்நாடு தடை விதித்தது. தீக்கும் தடைக்கும் இடையே ஐந்தாண்டு இடைவெளி இருந்ததைக் கவனியுங்கள்.

இக்காலத்தில் விதிமுறைகளும் மெல்ல வளர்ந்தன. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சோதனைக் கையேட்டில் 38.3 என்னும் பிரிவு இம்மின்கலங்களுக்கு உரியது. உயரமான வானில் நிலவும் குறைந்த காற்றழுத்தம், 72 பாகை வெப்பமும் உறைநிலைக்குக் கீழே 40 பாகைக் குளிரும், அதிர்வு, மோதல், குறுக்குச் சுற்று, நசுக்கல், அளவுமீறிய மின்னேற்றம், கட்டாய மின்னிறக்கம் என எட்டுச் சோதனைகளை அது வகுத்துள்ளது. நம் மாணவர்கள் எழுதும் தேர்வுகளைப் போல, மின்கலங்களும் தேர்வெழுதித் தேறிய பின்னரே பயணம் செய்ய வேண்டும்.

அதன் பின்னும் வந்தது 2010 செப்டம்பர் 3. யூ.பி.எஸ். நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம், ஹாங்காங்கிலிருந்து வந்த சரக்குகளுடன் துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்கு மாலையில் புறப்பட்டது. அதில் 81,000-க்கும் மேற்பட்ட இலித்திய மின்கலங்கள் இருந்தன. புறப்பட்ட 22 நிமிடங்களில் தீ எச்சரிக்கை மணி ஒலித்தது. விமானிகள் இருவரும் துபாய்க்கே திரும்ப முடிவு செய்தனர். சில நிமிடங்களுக்குள் விமானியறையைக் கரும்புகை சூழ்ந்தது. கருவிகளின் முள்ளையும் எண்ணையும் காண இயலவில்லை. வானொலி அலைவரிசையைக்கூட மாற்ற இயலாத நிலையில், அவ்வழியே பறந்த பிற விமானங்கள்தாம் அவர்களுக்கும் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இடையே செய்திகளைக் கொண்டு சேர்த்தன. தலைமை விமானியின் உயிர்வளி முகமூடி செயலிழந்தது. இருக்கையை விட்டு எழுந்தவர் திரும்பவில்லை. துணை விமானி ஒற்றை ஆளாய், கண்ணுக்கு எதுவும் புலப்படாமல், செவிவழி வந்த சொற்களை மட்டும் நம்பி விமானத்தைச் செலுத்தினார். துபாய் விமான நிலையத்தைக் கடந்து சென்று விமானம் விழுந்தது. இருவரும் மாண்டனர்.

2013-இல் வெளிவந்த விசாரணை அறிக்கையில் என் நெஞ்சைத் தைத்த பகுதி ஒன்றுண்டு. அவ்விமானத்தின் சரக்குப் பட்டியலில் ஆபத்தான சரக்கு என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆனால், ஆபத்தான சரக்காக அறிவித்து அனுப்பியிருக்க வேண்டிய மின்கலப் பொதிகள் குறைந்தது மூன்று அதில் இருந்தன. அவற்றை அனுப்பியோர் முறையாக அறிவிக்கவில்லை. சோதனைச் சான்றுகளையும் அளிக்கவில்லை. தங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்பது அவ்விருவருக்கும் தெரியாமலே போயிற்று.

இத்தகைய அச்சம் நிலவிய சூழலில்தான் நம் தாயாரின் கேள்விக்கு நேரடித் தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி நடந்தது. 2012 மே 16 முதல், இலித்திய மின்கலம் கொண்ட கைப்பேசி, மடிக்கணினி போன்ற எதையும் வெளிநாடுகளுக்கு அனுப்புவதை அமெரிக்க அஞ்சல் துறை அடியோடு நிறுத்தியது. அயல்நாடுகளில் பணியாற்றிய படைவீரர்களுக்கும் குடும்பத்தார் இவற்றை அஞ்சலில் அனுப்ப இயலாமற் போயிற்று. எதிர்ப்பு எழுந்தது. ஆறு மாதம் கழித்து, நவம்பர் 15-இல், கிறிஸ்துமசுக்கு முன்பாகத் தடை தளர்த்தப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: மின்கலம் கருவிக்குள் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. தனி மின்கலத்திற்கு இடமில்லை.

ஏன் இந்த வேறுபாடு? கருவிக்குள் இருக்கும் மின்கலத்திற்குக் கருவியின் உடலே கவசம். அதன் முனைகள் வெளியே தெரிவதில்லை. சாவியோ நாணயமோ தொடாது. அளவுமீறிய மின்னோட்டத்தைத் தடுக்கும் சுற்றும் உண்டு. அனைத்திற்கும் மேலாக, ஒரு கருவிக்கும் மறு கருவிக்கும் இடையே பெட்டியும் அட்டையும் இடம் பிடிப்பதால், ஒரு கலத்தின் தீ அடுத்ததற்குத் தாவுவது கடினம். தனி மின்கலங்களோ நெருக்கமாக அடுக்கப்படுபவை. ஆகவேதான் ஐ.நா. அவற்றுக்கு வெவ்வேறு எண்களை வழங்கியுள்ளது. தனி இலித்திய அயனி மின்கலம் 3480. கருவிக்குள்ளோ கருவியுடனோ செல்வது 3481. பவர் பேங்க் என்பது பார்வைக்குக் கருவிபோல் தோன்றினாலும், விதியின்படி அது வெறும் மின்கலமே. அஞ்சல் நிலையத்தில் அது திரும்பி வந்ததன் காரணம் இதுவே.

2014 மார்ச் 8-இல் காணாமற்போன நம் நாட்டு எம்.எச். 370 விமானத்திலும் பினாங்கிலிருந்து வந்த 221 கிலோகிராம் இலித்திய அயனி மின்கலங்கள் இருந்தன. 2018-இல் வெளியான அறிக்கையால் விமானம் மறைந்ததன் காரணத்தை உறுதி செய்ய இயலவில்லை. ஆகவே, மின்கலங்களின்மீது பழி சுமத்த நமக்கு உரிமையில்லை. ஆனால், அக்காலத்தில் பயணியர் விமானங்களிலும் இவற்றைச் சரக்காக அனுப்ப முடிந்தது என்பதை அது காட்டுகிறது. அந்நிலை 2016-இல் மாறியது. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல், தனி இலித்திய அயனி மின்கலங்களைப் பயணியர் விமானத்தில் சரக்காக ஏற்ற அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு தடை விதித்தது. சரக்கு விமானத்தில் அனுப்பினாலும் மின்னேற்றம் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் விதித்தது. குறைவாக மின்னேறிய கலத்தில் எரிவதற்கான ஆற்றலும் குறைவு. புதிதாக வாங்கிய கைப்பேசி முழு மின்னேற்றத்துடன் வருவதில்லை என்பதை நீங்களும் கவனித்திருக்கலாம்.

அதே 2016-ஆம் ஆண்டு, தீப்பற்றும் குறையால் சாம்சங் தன் கேலக்சி நோட் 7 கைப்பேசியைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் அதனைத் திருப்பி அனுப்ப, வெப்பம் தாங்கும் சிறப்புப் பெட்டியும் கையுறையும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பப்பட்டன. தரைவழியே மட்டும் அனுப்ப வேண்டும் என்ற குறிப்பும் இருந்தது. கருவிக்குள் இருந்தாலும், பழுதடைந்த மின்கலம் வானில் ஏறக்கூடாது என்பது விதி. பெற்றோர்களே, உப்பிய மின்கலத்தைக் கொண்ட பழைய கைப்பேசியை ஒருபோதும் அஞ்சலில் அனுப்பாதீர்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2009-ஆம் ஆண்டு, வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த என் அக்காள் மகனுக்கு ஒரு கைப்பேசியும் இரண்டு உபரி மின்கலங்களும் அனுப்பினேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று படிவத்தில் எழுத வேண்டும். உண்மையை எழுதினால் கேள்வி எழும், தாமதமாகும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் எழுதினேன், "விளையாட்டுப் பொருள்" என்று. பெட்டி நலமாகப் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் எதுவும் நேரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

மறு ஆண்டுதான் துபாய் விபத்து நேர்ந்தது. அறிக்கையின் செய்தியைப் படித்தபோது, அறிவிக்கப்படாத அந்தப் பொதிகளின் பக்கத்தில் என் பெட்டியும் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவற்றை அனுப்பியோரும் கொலைகாரர்கள் அல்லர். என்னைப் போலவே, கொஞ்சம் தொல்லையைத் தவிர்க்க எண்ணியவர்களாகவே இருந்திருக்கக்கூடும். "பொய் சொல்லாதே" என்று நாள்தோறும் வகுப்பில் சொல்லும் ஆசிரியன் நான். அந்தப் பொய்யைச் சுமந்து பறந்த விமானியின் முகத்தைக்கூட நான் கண்டதில்லை.

மறுவாரம் அந்தத் தாயாரை மீண்டும் சந்தித்து இவ்வளவையும் சொன்னேன். பவர் பேங்கை மகன் படிக்கும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்வதாகக் கூறினார். கைப்பேசிப் பெட்டியின் படிவத்தில் "கைப்பேசி, உள்ளே இலித்திய மின்கலத்துடன்" என்று அவரே தெளிவாக எழுதியிருந்தார்.

இந்த விதிகள் நமக்குத் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால், அவற்றுள் பலவும் ஏதோ ஒரு தீக்குப் பிறகே எழுதப்பட்டவை. அடுத்த முறை நீங்கள் ஒரு பொதியை அனுப்பும்போது, பக்கத்தில் உங்கள் பிள்ளையையும் நிறுத்திக்கொண்டு, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வகுப்பறையில் நாங்கள் நடத்தும் பாடத்தைவிட அது பெரிய பாடமாக அமையும்.