கிள்ளான் பள்ளத்தாக்கில் மண்ணீரல்: தடவிப் பார்த்த காலமும் அறுத்தெடுத்த காலமும்

சிலாங்கூரின் மருத்துவ வரலாற்றில் மண்ணீரல் முதலில் ஓர் அளவுகோலாகத்தான் நுழைந்தது. 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவைத் தடுக்கச் சதுப்பு நிலத்தை வடிகால் வெட்டி உலர்த்தினார். கிள்ளானிலும் அதே ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1905-இல் 45 பேர். பின்னர் அவர் கித்தாத் தோட்டங்களுக்குப் போய், லயத்துக் குழந்தைகளின் இடது விலாவுக்குக் கீழே கைவைத்து அழுத்திப் பார்த்தார். நூற்றுக்கு எத்தனை குழந்தைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்ற கணக்கே அந்தத் தோட்டத்தின் மலேரியா நிலவரம். 1840-களில் வட இந்தியாவின் கால்வாய்க் கரைகளில் டெம்ப்ஸ்டர் தொடங்கிய முறை இது. கிள்ளானில் அப்படி எண்ணப்பட்டவர்களில் பலர் தமிழ்க் கூலிகளின் பிள்ளைகள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

வீங்கிய மண்ணீரல் சிறு அடிக்கும் கிழியும். 1870-களில் ஆக்ராவில் புல்லர் என்ற வெள்ளைக்கார வழக்கறிஞர் அடித்ததில் அவருடைய குதிரைக்காரர் மண்ணீரல் கிழிந்து இறந்தார். தண்டனை 30 ரூபாய் அபராதம். நோயுற்ற உறுப்பையே சாவுக்குக் காரணமாகக் காட்டி அடித்தவரைக் காப்பாற்றும் வாதம் காலனி நீதிமன்றங்களில் பலமுறை எழுந்தது. அந்த அநீதியை விட்டுவிட்டு மண்ணீரல் வரலாற்றை எழுத முடியாது.

அக்காலத்து அறுவை மருத்துவர்களுக்கு, மண்ணீரலை எடுத்துவிட்டால் பின்விளைவில்லை என்ற நம்பிக்கை இருந்தது. பெரும்புகழ் பெற்ற தியோடர் கோக்கரே அப்படித்தான் எழுதினார். 1952-இல் அமெரிக்காவில் கிங், ஷூமேக்கர் இருவரும், மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகளைக் கடும் தொற்று தாக்கியதை வெளியிட்டபோது அந்த நம்பிக்கை உடைந்தது. நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டும் உறுப்பு போனபின், காலையில் தொடங்கும் காய்ச்சல் மறுநாளைக்குள் உயிரைப் பறிக்கலாம். அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் இது நேரும்.

கோலாலம்பூர் மருத்துவமனைகளில் இன்று இந்த அறுவைக்கு வரும் காரணங்கள் வேறு: தலசீமியா, தட்டணுக் குறைபாடு, சாலை விபத்து. தலசீமியா நோயாளிக்கு ஏற்றும் இரத்தம் வரவரப் போதாமல் போகும்போது மண்ணீரலை எடுத்தால் இரத்தத் தேவை குறைகிறது. ஆனால் இரத்தக் கட்டியும் நுரையீரல் இரத்த அழுத்தமும் பின்தொடரக்கூடும். தொற்று அபாயம் கருதி ஐந்து வயதுக்கு முன் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். விபத்தில் கிழிந்தாலும், நோயாளி நிலையாக இருந்தால் சிடி ஸ்கேன் எடுத்துக் காத்திருப்பதே வழக்கம். மண்ணீரலிலும் சீழ் கட்டக்கூடிய மெலியோய்டோசிஸ் நோய்க்கு 1921-இல் அப்பெயரிட்ட ஸ்டாண்டனும் பிளெட்சரும் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள்; அந்தச் சீழுக்கும் இன்று ஆன்டிபயாடிக்கே முதல் மருந்து.

மருத்துவமனையை விட்டு நலமாக வீடு திரும்பியதை மட்டும் வைத்து இந்த அறுவையின் வெற்றியைக் கணக்கிடுவது போதாது என்பதே என் முடிவு. முன்கூட்டியே திட்டமிட்ட அறுவையென்றால், குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது நோயாளிக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோலாலம்பூரில் அறுவை செய்துகொண்டவர் காப்பாரிலோ பந்திங்கிலோ ஒரு சிறு கிளினிக்கில்தான் காய்ச்சலுக்கு முதலில் போய் நிற்பார். முன்பெல்லாம் வயிற்றிலிருந்த நீளத் தழும்பே அங்கிருந்த மருத்துவருக்குச் செய்தி சொல்லும். 1991-இல் லேப்ராஸ்கோப் முறை வந்தபின் தழும்பு சில சிறு புள்ளிகளாகிவிட்டது. ஆகவே மண்ணீரல் இல்லை என்று எழுதிய அட்டை நோயாளியின் சட்டைப்பையில் இருந்தாக வேண்டும்.