சிறைக்காரன் வீட்டில் கைக்குழந்தை இருந்ததா?

நாமக்கல் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண் பார்க்கப் போனால், நகை நட்டுப் பேச்சுக்கு முன்னாலேயே சில சமயம் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"ஏனுங்க, பொண்ணு ஞானஸ்நானம் வாங்கியிருக்குதுங்களா?"

"கைக்குழந்தையா இருக்கறப்பவே குடுத்தாச்சுங்க."

"அது சரிங்க... முழுக்கு எடுத்திருக்குதுங்களா?"

அங்கே ஒரு மௌனம் விழும். இரண்டு வீட்டிலும் ஒரே இயேசுவைத்தான் கும்பிடுகிறார்கள். இரண்டு வீட்டு அலமாரியிலும் அதே பைபிள்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு வீட்டில் கொடுத்தது இன்னொரு வீட்டில் செல்லாது! இதென்ன கூத்து என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்து வழக்கு இருக்கிறது. அந்த வழக்கில் அடிக்கடி சாட்சிக்கு இழுக்கப்படுபவர், பெயர் கூடத் தெரியாத ஒரு சிறைக்காரர்.

நள்ளிரவில் நடந்த கதை

புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் என்றொரு புத்தகம் உண்டு. கத்தோலிக்கர்கள் அதைத் திருத்தூதர் பணிகள் என்பார்கள். அதன் 16-ஆம் அதிகாரத்தில் பவுலும் சீலாவும் பிலிப்பி என்ற ஊரில் அடிபட்டுச் சிறையில் கிடக்கிறார்கள். (இந்தப் பவுலைத்தான் பழைய கத்தோலிக்கர்கள் சின்னப்பர் என்றார்கள். நம் ஊர்ப் பக்கம் உள்ள சின்னப்பன்களில் பலருக்குப் பெயர் வந்த வழி அதுதான்.) நள்ளிரவில் இருவரும் பாடிக்கொண்டிருக்கும்போது பூமி அதிர்கிறது, கதவுகள் திறந்துகொள்கின்றன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்த சிறைக்காரர் கத்தியை உருவித் தற்கொலைக்குப் போகிறார். பவுல் தடுக்கிறார். நான் பிழைக்க என்ன வழி என்று அவர் கேட்க, இயேசுவை நம்பு, நீயும் உன் வீட்டாரும் மீட்படைவீர்கள் என்ற கருத்தில் பதில் வருகிறது. வீட்டில் இருந்த எல்லாருக்கும் பவுல் போதிக்கிறார். அந்த இரவே சிறைக்காரர் அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறார். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். பிறகு பவுலுக்கும் சீலாவுக்கும் தன் வீட்டில் சாப்பாடு வைக்கிறார்.

கதை அவ்வளவுதான். ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் சொல்லப்படவே இல்லை. ஒன்று, அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததா? இரண்டு, தண்ணீரைத் தலையில் ஊற்றினார்களா, அல்லது ஆளையே முக்கி எடுத்தார்களா?

இந்த இரண்டு காலி இடங்களையும் ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு விதமாக நிரப்பிக்கொண்டது. அந்த விடைகள் அத்தனையும் ஒவ்வொரு காலத்தில் சேலம் சமவெளிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

முதல் விடை: வீடு என்றால் குழந்தையும்தான்

இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து கிளம்பி திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று வந்தார். சேலத்து ஆட்சியாளரின் அண்ணன் திருமங்கல நாயக்கர் அவரிடம் கிறிஸ்தவரானார். அந்த மதுரை மிஷன் போட்ட விதையில் தொடங்கி, பிற்காலத்தில் பாரிஸ் மிஷன் குருக்கள் வளர்த்து, 1930-இல் சேலம் தனி மறைமாவட்டமானது.

கத்தோலிக்கப் பிரசங்கத்தில் சிறைக்காரர் கதை வந்தால் அழுத்தம் 'வீட்டார்' என்ற சொல்லில் விழும். வீடு என்றால் தாத்தா முதல் தொட்டில் பிள்ளை வரை. பிறவிப் பாவம் குழந்தைக்கும் உண்டு, அதைக் கழுவுவது இந்தத் தண்ணீர், ஆகவே தள்ளிப்போடக் கூடாது என்பது அவர்கள் வாதம். ஆபத்து நேரத்தில் குருவானவர் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும், கிறிஸ்தவர் அல்லாதவர் கூட, முறையான எண்ணத்தோடும் சொற்களோடும் தண்ணீர் ஊற்றலாம் என்பது அவர்கள் சட்டம்.

இதைக் கேட்டுச் சிரிக்கும் முன் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1876-78 பஞ்சத்தில் சேலம் ஜில்லா சின்னாபின்னமானது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. கண் முன்னே சாகும் குழந்தைக்குக் கடைசியாக என்ன செய்ய முடியும் என்று தவித்த ஒரு தாய்க்கு, அந்தக் கை அளவு தண்ணீர் என்னவாக இருந்திருக்கும்! ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தை எங்கே போகும் என்ற பயம் வெகுகாலம் இருந்தது. அத்தகைய குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணம் உண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழு ஒன்று 2007-இல்தான் விரிவாக எழுதியது.

இரண்டாம் விடை: குழந்தைக்கும் உண்டு, காரணம் வேறு

லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிரிஸ்ப் 1827-இல் சேலம் வந்தார். 1840-இல் வந்த லெக்ளர் 1861-இல் சாகும் வரை இங்கேயே உழைத்தார். பள்ளிகள் மட்டுமின்றித் தொழிற்பள்ளியும் நடத்தினார். இவர்களும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் பாவத்தைக் கழுவுகிறது என்ற வாதம் இவர்களுடையதல்ல.

இவர்கள் சிறைக்காரர் கதையை ஆபிரகாம் கதையோடு சேர்த்துப் படித்தார்கள். ஆதியாகமம் 17-இல் கடவுள் ஆபிரகாமோடும் அவர் சந்ததியோடும் உடன்படிக்கை செய்கிறார். எட்டாம் நாளிலேயே ஆண் குழந்தைக்கு விருத்தசேதன அடையாளம் உண்டு. அந்த அடையாளத்தின் இடத்துக்கு ஞானஸ்நானம் வந்தது. எனவே விசுவாசிகளின் பிள்ளைகளும் உடன்படிக்கைக்குள்தான். தண்ணீர் ஒன்று, செயல் ஒன்று, காரணம் மட்டும் வேறு. இந்தச் சபைகள்தான் பிறகு தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947 செப்டம்பர் 27 அன்று சி.எஸ்.ஐ.-யில் கலந்தன.

மூன்றாம் விடை: கேட்டவன், நம்பியவன், அப்புறம் தண்ணீர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாமக்கல், சேந்தமங்கலம், கொல்லிமலைப் பக்கம் இன்னொரு மிஷன் வேலை செய்தது. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதி 1913-இல் கொல்லிமலையில் குடியேறினார்கள். வேலூரில் தொழுநோய் அறுவை சிகிச்சையால் உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் பிறந்து, சிறுவயதில் வளர்ந்தது அந்த மலையில்தான். 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்த பிறகும் எவலின் திரும்பி வந்து, 1974-இல் இறக்கும் வரை மலைமக்களிடையே உழைத்தார்.

பாப்டிஸ்டுகள் அதே அதிகாரத்தை வக்கீல் மாதிரி வரிவரியாகப் படிப்பார்கள். வீட்டில் எல்லாருக்கும் போதிக்கப்பட்டது என்றால், கேட்டுப் புரிந்துகொள்ளும் வயது எல்லாருக்கும் இருந்தது. எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்றால், மகிழும் அறிவும் இருந்தது. கைக்குழந்தை எங்கே வந்தது?

இயேசு குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னாரே என்று மற்றவர்கள் மாற்கு 10-ஐக் காட்டினால், உடனே பதில் வரும்: "ஆசீர்வதித்தார், சரி. ஞானஸ்நானம் கொடுத்தாரா?" அதனால்தான் அங்கே கைக்குழந்தைக்குப் பிரதிஷ்டை ஜெபத்தோடு சரி. ஆள் வளர்ந்து, தானே வாயால் அறிக்கை செய்த பிறகுதான் தண்ணீர். 'ஸ்ட்ரிக்ட்' என்ற அடைமொழிக்கும் காரணம் உண்டு. அப்படி முழுகி எழுந்தவருக்கே திருவிருந்து என்பது அவர்கள் பழைய கட்டுப்பாடு.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசி வசனத்தின் கிரேக்க மூலமே இருபக்கமும் சாய்கிறது. 'வீட்டார் அனைவரோடும்' என்ற பொருள் தரும் ஒரே சொல் 'மகிழ்ந்தார்' என்பதோடு சேருமா, 'நம்பினார்' என்பதோடு சேருமா? முதலாவதென்றால் நம்பியது சிறைக்காரர், மகிழ்ச்சி எல்லாருக்கும். இரண்டாவதென்றால் எல்லாருமே நம்பினார்கள். மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லை எங்கே வைக்கிறாரோ அங்கேயே பாதிப் பிரசங்கம் முடிந்துவிடுகிறது.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். நடுராத்திரியில் சிறைக்காரர் வீட்டில் ஆளை முக்கும் அளவு தண்ணீர் ஏது என்பார்கள் ஊற்றுகிறவர்கள். அதே அதிகாரத்தில் லீதியாளைப் பவுல் சந்தித்தது ஆற்றங்கரையில், ஊருக்குப் பக்கத்தில் ஆறு இருந்ததே என்பார்கள் முக்குகிறவர்கள். இரண்டு சாட்சியும் ஒரே பக்கத்தில்!

கப்பலில் மனம் மாறியவர்

படிப்பால் ஒருவர் பக்கம் மாறியதற்கும் சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் அதோனிராம் ஜட்சன், சேலத்து லண்டன் மிஷன்காரர்களைப் போலவே குழந்தை ஞானஸ்நானக் கட்சி. 1812-இல் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். செராம்பூரில் வில்லியம் கேரி முதலான பாப்டிஸ்டுகளைச் சந்திக்க வேண்டியிருக்குமே, வாதாடத் தயாராவோம் என்று கடல் நடுவே வேதத்தைப் புரட்டினார். படிக்கப் படிக்க எதிர்க்கட்சிதான் சரி என்று பட்டது. அதே வருஷம் கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். தன்னை அனுப்பிய சங்கத்தின் பணத்தை இழக்க நேரும் என்று தெரிந்தே எடுத்தார்.

இதைவிடப் பெரிய விலை கொடுத்தவர்களும் உண்டு. வயது வந்தோருக்கே ஞானஸ்நானம் என்று சொன்ன ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் சூரிச் நகரத்தார் லிமாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களே.

நான்காம் விடை: தண்ணீர் மட்டும் போதாது

பெந்தெகொஸ்தே சபைகள் முழுக்கில் பாப்டிஸ்டுகளோடு ஒத்துப்போகும். காவிரிக்கரை, தோட்டத்துக் கிணறு, சபைக்குள்ளேயே கட்டிய தொட்டி, எதுவானாலும் சரி, முழுக வேண்டும். அதற்கு மேல் பரிசுத்த ஆவியின் அபிஷேகமும் வேண்டும் என்று அப்போஸ்தலர் 19-ஐக் காட்டுவார்கள். எபேசு ஊரில் ஏற்கனவே யோவானின் ஞானஸ்நானம் பெற்றிருந்த சிலர் மறுபடியும் பெற்றது அங்கே வருகிறது. மறுபடி எடுப்பது தவறு என்பவர்கள் ஞானஸ்நானம் ஒன்றே என்று சொல்லும் வசனத்தைக் காட்டுவார்கள். அது இருப்பதும் எபேசியருக்கு எழுதிய கடிதத்தில்தான்!

சொல்லிலும் ஒரு முரண்

இன்னொரு வேடிக்கை தமிழில் மட்டும் உண்டு. பழைய கத்தோலிக்கப் புத்தகங்களிலும் சொல் 'ஞானஸ்நானம்'தான். பிறகு அவர்கள் நல்ல தமிழுக்கு வந்தபோது 'திருமுழுக்கு' என்றார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் அதுவே. ஆக, வழக்கமாகத் தலையில் ஊற்றுகிறவர்கள் 'முழுக்கு' என்கிறார்கள். உண்மையிலேயே முழுக்குகிறவர்கள் 'ஞானஸ்நானம்' என்ற பழைய சொல்லை விடாமல், சந்தேகம் வராமலிருக்க 'முழுக்கு ஞானஸ்நானம்' என்று நீட்டிச் சொல்கிறார்கள்.

காமர்ஸ் கணக்கில் பார்த்தால்

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இந்துக் கூட்டுக் குடும்பத்தில் பிள்ளை பிறப்பாலேயே உறுப்பினர். கையெழுத்து வேண்டாம். கூட்டாண்மை நிறுவனத்தில் ஒப்பந்தம் இல்லாமல் பங்குதாரர் ஆக முடியாது. மைனர் பங்குதாரர் ஆக முடியாது, ஆனால் 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி லாபத்தின் பயனுக்கு அவரைச் சேர்க்கலாம். மேஜரானபின், விஷயம் தெரிந்து ஆறு மாதத்துக்குள், பங்குதாரராகிறேனா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும்.

கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.-யும் குழந்தையை அந்த மைனர் போலச் சேர்த்துக்கொள்கிறார்கள். பின்னால் வரும் உறுதிபூசுதலும் திடப்படுத்தலும் மேஜரானவரின் சம்மதம் மாதிரி. பாப்டிஸ்டுக்கும் பெந்தெகொஸ்தேக்கும் கையெழுத்துப் போட்டவர் மட்டுமே பங்குதாரர். சிறைக்காரர் வீட்டுக் காலி இடத்தை ஒவ்வொருவரும் எதனால் நிரப்பினார்கள் என்று இப்போது தெரிகிறதா? சபை என்பது பிறக்கும் குடும்பமா, சேரும் சங்கமா என்று தாங்கள் முன்பே வைத்திருந்த எண்ணத்தால்தான்.

அடிபடுவது யார்?

ஆரம்பத்தில் சொன்ன மௌனத்துக்குத் திரும்புவோம். 'மறுபடி எடு' என்று கேட்கும் வீட்டுக்கு அது மறுபடி கிடையாது, அதுதான் முதல் தடவை. ஏனென்றால் முன்பு நடந்ததை அவர்கள் ஞானஸ்நானம் என்றே எண்ணுவதில்லை. பெண் வீட்டுக்கோ, அம்மா அப்பா அழுது ஜெபித்துக் கொடுத்த ஒன்றைப் பொய் என்று ஒத்துக்கொள்ளச் சொல்வது போல. சி.எஸ்.ஐ. இரண்டாம் முறையை ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையோ, மற்றச் சபைகள் முறைப்படி கொடுத்ததைச் செல்லும் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் உறுதிசெய்தது. 1982-இல் லிமா நகரில் பல சபைகள் கூடித் தயாரித்த அறிக்கை, மறு ஞானஸ்நானமாகத் தோன்றும் எதையும் தவிர்க்கச் சொன்னது. 1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். அங்கே இரண்டு முறைக்கும் இடம் உண்டு.

மேலே இவ்வளவு நடந்தும், கீழே கல்யாணப் பேச்சில் முடிவு எடுக்க வேண்டியவள் பெரும்பாலும் ஓர் இருபத்து மூன்று வயதுப் பெண். முழுகினால் பிறந்த வீட்டுக்கு வருத்தம், முழுகாவிட்டால் புகுந்த வீட்டுச் சபையில் அப்பம் கிடையாது. சொந்தச் சம்மதத்தோடு எடுப்பதே ஞானஸ்நானம் என்று சொல்கிற சபையில், கல்யாணத்துக்காக எடுக்கும் முழுக்கைச் சொந்தச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எப்படி? இந்தக் கேள்வியை அந்தச் சபைப் போதகர்களே கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தையில் கொடுத்ததே போதும் என்கிறவர்களும், அந்தப் பெண் வளர்ந்த பிறகு நீ என்ன நம்புகிறாய் என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்டோமா என்று யோசிக்க வேண்டும்.

சிறைக்காரர் வீட்டில் தொட்டில் இருந்ததா என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. தண்ணீருக்குப் பிறகு அந்த வீட்டில் பவுலுக்கும் சீலாவுக்கும் சாப்பாடு வைக்கப்பட்டது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கிறது. அடுத்த முறை ஏதாவது ஒரு சர்ச்சில் இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கக் கேட்டால், பிரசங்கியார் எந்தச் சொல்லில் நின்று அழுத்துகிறார் என்று கவனியுங்கள். அவர் எந்தச் சபை என்று போர்டைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.