பிக்கிள்பால் வந்த வழி

1965ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க நாட்டு வாஷிங்டன் மாநிலத்துப் பெயின்பிரிட்ஜ் தீவில், பொழுது போகாது வாடிய பிள்ளைகளுக்காக ஜோயல் பிரிச்சார்டும் பில் பெல்லும் பழைய இறகுப்பந்துத் தளமொன்றில் ஓர் ஆட்டம் தொடங்கினர். மட்டைகள் போதவில்லை, மேசைப்பந்து மட்டைகளும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தும் கைகொடுத்தன. ஐந்தடி உயரத்தில் நின்ற வலை பின்னர் மூன்றடியாகத் தாழ்ந்தது. 44 அடி நீளமும் 20 அடி அகலமுமான தளம் மட்டும் மாறவில்லை. அது இறகுப்பந்தின் அளவே. அவ்விறகுப்பந்தோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் புனா நகரத்து ஆங்கிலப் படையினர் விரும்பி ஆடியது. ஆகவே இதனை முற்றிலும் அந்நிய விளையாட்டு என்பதற்கில்லை.

தொடக்க அடியும் அதற்கு வரும் மறு அடியும் தரையில் பட்டெழுந்த பின்னரே பந்தை எடுத்தல் வேண்டும். வலையினின்று ஏழடிக்குள் நின்று, தரையில் படாத பந்தை அடித்தலாகாது. இவ்விதிகள் இளந்தோளின் வேகத்தை அடக்கி, முதியோரின் நிதானத்திற்கு இடந்தருகின்றன. பாட்டனாரும் பேத்தியும் எதிரெதிர் நின்று ஆட இயல்வது இதனாலேயே.

சுனில் வலவல்கர் மும்பையில் இதனை அறிமுகம் செய்தார். 2008இல் அனைத்திந்தியச் சங்கம் அமைந்தது. தஞ்சையில் வளர்ந்த நம் பூப்பந்தாட்டத்திற்கு 1954 முதலே தேசியக் கூட்டமைப்பு உண்டு. ஆயினும் அதன் ஐவராட்டத்திற்குப் பத்துப் பேரும் 24 மீட்டர் நீளத் தளமும் வேண்டும். பிக்கிள்பாலுக்கோ, அதில் பாதியளவு நீளமும், நால்வரும் போதும்; நால்வர் கூடாவிடின் இருவரே போதும்.