ஆடுகளம் ஆக்கலும் குழு நிலைபெறலும்

மக்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து நிற்றற்குக் காரணம் யாது என வினவின், குருதித் தொடர்பு, ஒரே நிலம், ஒரே தொழில், ஒரே வழிபாடு என்பனவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ விடையாகக் கூறுதல் வழக்கம். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத கூட்டங்கள் சில இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. கணிப்பொறி வலையமைப்பின் வழியே சேர்ந்து ஆடியோர் கூட்டங்களே அவை. அவற்றின் உறுப்பினர் பலர் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டவரல்லர். இயற்பெயர் அறிந்தவரும் அல்லர். வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்தவர். ஆயினும் அவற்றுட் சில பல்லாண்டுகள் கலையாது நின்றன. அங்ஙனம் நின்றமைக்குக் காரணம் ஆட்டத்திற் பெற்ற வெற்றியன்று. ஆடுதற்குரிய களத்தைத் தாமே ஆக்கியமையே ஆகும். அக்களம் ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குத் தடையின்றிச் சென்ற வரையில் குழுவும் நின்றது என்பதை இக்கட்டுரை காட்ட முயலும்.

இத்தகைய பொருள் தமிழ்த்துறை ஏட்டில் இடம்பெறுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். ஒருவர் தொடங்க, மற்றொருவர் விரிக்க, வேறொருவர் திருத்த, பல பிரதிகளாய்ப் பரவிய நூல்களை ஆராய்தல் நம் துறையின் அன்றாடப் பணி. மூலம் எது, திருத்தம் எது, இடைச்செருகல் எது எனப் பிரித்தறியும் முறை நமக்குப் புதியதன்று. அத்தகைய ஆக்கம் ஒன்று நம் காலத்திலேயே, ஆண்டும் ஆக்கியோரும் தெரியும் வண்ணம் நிகழ்ந்திருப்பின், அதனைப் புறக்கணித்தல் பொருந்தாது.

1. பெயரும் பொருளும்

இக்கூட்டத்தை ஆடுவோர் ‘கிளான்’ என வழங்குவர். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பிள்ளைகள், வழித்தோன்றல்கள் எனப் பொருள்படும் சொல்லினின்று இஃது ஆங்கிலத்திற் புகுந்தது. ஒரு முன்னோனின் வழிவந்தோராகத் தம்மைக் கருதிய குடிகளுக்கு அது பெயராயிற்று. பிறப்பால் வந்த உறவைக் குறித்த சொல், பிறப்போடு சிறிதும் தொடர்பில்லாத ஒரு கூட்டத்திற்குப் பெயரானமை நோக்கத்தக்கது. உறவு இல்லாத இடத்தில் உறவின் பெயரை இட்டுக்கொண்டோர், அவ்வுறவிற்குரிய பிணைப்பை வேறெங்கேனும் தேடவேண்டியவர் ஆயினர். இக்கட்டுரையில் கிளான் என்பது குழு எனப்படும்.

அவர்கள் ‘மேப்’ எனக் கூறுவது வெறும் நிலப்படம் அன்று. சுவர், வழி, மேடு, பள்ளம், ஒளி ஆகியவற்றின் அமைப்பு அதில் உண்டு. பிற்காலத்து ஆட்டங்களிலோ, வெற்றி தோல்வியைத் துணியும் விதிகளும் அதனுள்ளேயே அமைந்தன. ஆதலின் அதனைக் களம் என்றே வழங்குவோம்.

2. தொடக்கக் காலம்

1993 டிசம்பர் 10ஆம் நாள் அமெரிக்காவின் இட் சாப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதன் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக், ஆட்டத்தை இயக்கும் நிரலை ஒரு கோப்பாகவும், களங்கள், படங்கள், ஒலிகள் ஆகியவற்றை ‘வாட்’ எனப்பட்ட வேறொரு கோப்பாகவும் பிரித்து அமைத்தார். இதனால், நிரலைத் தொடாமலே புதிய களம் ஒன்றைச் சேர்த்தல் இயலுவதாயிற்று. 1994இல் பிரெண்டன் வைபர், ரஃபேல் கினே ஆகியோர் ‘டியூ’ என்னும் களந்திருத்தும் கருவியை ஆக்கி இலவசமாக வழங்கினர். ஆடுவோர் ஆக்குவோராக மாறுதற்கு இவ்விரண்டும் வாயிலாயின.

தொடக்கத்தில் களம் ஆக்கல் தனியொருவர் பொழுதுபோக்காகவே இருந்தது. விரைவில் அது கூட்டுமுயற்சி ஆயிற்று. 1995 டிசம்பரில் வெளிவந்த ‘மெமெண்டோ மோரி’ 32 களங்கள் கொண்ட தொகுதி. பலர் பகிர்ந்து ஆக்கியது. இத்தகைய தொகுதிகளுள் வரலாற்றுச் சிறப்புடையது ‘டீம் டிஎன்டி’ என்னும் குழுவினருடையது. அவர்கள் இலவசமாக வெளியிடக் கருதியிருந்த தொகுதியை 1995இன் இறுதியில் இட் நிறுவனம் விலைக்குக் கொண்டது. 1996இல் ‘ஃபைனல் டூம்’ என்னும் விற்பனைப் பொருளின் ஒரு பகுதியாக அது வெளிவந்தது. இலவசமாகப் பெறக் காத்திருந்தோர் மனம் வருந்தினர்.

பொருள் வந்தவுடன் குழு கலையும் என எதிர்பார்த்தல் இயல்பு. ஆனால், நிகழ்ந்தது அஃதன்று. அதே குழு 1996இல் ‘இகாரஸ்’ என்னும் மற்றொரு தொகுதியை இலவசமாக வழங்கியது. 1997இல் வேறொரு குழுவோடு சேர்ந்து ‘எடர்னல் டூம்’ என்பதனை நிறைவு செய்தது. அவ்வாண்டின் இறுதியில் டூமின் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட, 1998இல் ‘பூம்’ என்னும் திருத்திய இயக்கியையும் ஆக்கியளித்தது. ஆக்கிய ஒன்று விலைபோனமை குழுவைக் கலைக்கவில்லை. ஆக்கவேண்டியது இன்னும் இருந்தமை அதனைக் காத்தது. இதனை உளத்திற் கொண்டு மேற்செல்வோம்.

1996இல் வெளிவந்த ‘குவேக்’ என்னும் ஆட்டத்தோடு கிளான் என்னும் பெயர் எங்கும் பரவிற்று. வலையமைப்பில் எந்நேரமும் இயங்கும் வழங்கிக் கணிப்பொறியில் குழுவினர் கூடி ஆடினர். அக்காலத்துக் கணிப்பொறிகளில் ஒரு பெருங்களத்தின் ஒளியையும் காட்சியெல்லையையும் கணக்கிட்டு முடித்தற்குப் பல மணி நேரம் ஆகும். ஒருவர் சுவர் எழுப்புவார். ஒருவர் ஒளி அமைப்பார். ஏனையோர் ஆடிப்பார்த்துக் குறை கூறுவர். ஆட்டத்திற் சிறந்தோர்க்கு மட்டுமன்றி, ஆட்டத்தில் பின்தங்கியோர்க்கும் குழுவில் மதிப்புடைய இடம் இதனால் கிடைத்தது. வெற்றி ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்ட குழுவில் இவ்விடம் இராது என்பது வெளிப்படை.

3. ஒரு களமும் ஒரு குழுவும்

இவ்வியல்பு முழுவளர்ச்சி பெற்றதனை ‘டோட்டா’ என்னும் களத்தின் வரலாற்றிற் காண்கிறோம். பிளிசார்ட் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘ஸ்டார்கிராஃப்ட்’ ஆட்டத்தோடு களம் ஆக்கும் கருவியையும் சேர்த்து வழங்கியது. அதனைக் கொண்டு ஆடுவோர் ஆக்கிய களங்களுள் ஒன்று ‘ஏயான் ஆஃப் ஸ்டிரைஃப்’. 2002 ஜூலையில் வந்த ‘வார்கிராஃப்ட் 3’ இன்னும் ஆற்றல் மிக்க கருவியைக் கொண்டிருந்தது. விதிகளையே மாற்றி எழுதுதற்கு ஒரு நிரல்மொழியும் அதில் இருந்தது. யூல் என்னும் புனைபெயருடையார் முன்னைய களத்தின் கருத்தைத் தழுவி ‘டிஃபென்ஸ் ஆஃப் தி ஏன்ஷியண்ட்ஸ்’ என்னும் களத்தை ஆக்கினார். அதன் சுருக்கமே டோட்டா. இரு அணியினர், அணிக்கு ஐவர், மூன்று பாதைகள், இரு முனைகளிலும் காக்கப்படும் ஒரு மூலப்பொருள் என்பது அதன் அமைப்பு.

2003இல் வார்கிராஃப்டின் விரிவாக்கம் வந்தபொழுது யூல் தம் களத்தை அதற்கேற்பத் தொடர்ந்து திருத்தவில்லை. பலர் பலவாறு அதனை மாற்றி வெளியிட்டனர். அவற்றினின்று சிறந்த வீரர்களைத் தேர்ந்து தொகுத்து, மெயன், ரக்னார் என்னும் புனைபெயர்களையுடைய இருவர் ‘டோட்டா ஆல்ஸ்டார்ஸ்’ என்னும் தொகைக் களத்தை அமைத்தனர். 2004இல் அதனை ஏற்றவர் கின்சூ எனப்பட்ட ஸ்டீவ் ஃபீக். அக்களத்தைப் போற்றுதற்கென்றே ‘டிடிஏ’ என்னும் குழு அமைந்தது. அதன் நிருவாகியாகிய ஸ்டீவ் மெஸ்கான் குழுவினர் கூடிக் கலந்துரைத்தற்கு ஓர் இடத்தை 2004இல் அமைத்தார். ஃபீக் பொறுப்பை நீங்கியபொழுது குழுத்தலைமை அவர்பின் வந்தோர்க்குத் துணைநின்றது. 2005 முதல் ஐஸ்ஃபிராக் என்னும் புனைபெயருடையார் களத்தைப் பேணினார்.

ஒரு வேந்தன் இறப்பின் அரசு கலங்கும். ஒரு தலைவன் நீங்கின் விளையாட்டுக் குழு சிதறும். இங்கோ தலைவர் மூவர் நால்வர் மாறியும் குழு மாறவில்லை. தலைவரினும் களமே நடுநாயகமாக இருந்தமையே இதற்குக் காரணம்.

4. பிணைப்பின் கூறுகள்

இப்பிணைப்பை மூன்று கூறாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது, ஒரே பிரதியை வைத்திருத்தல். இவ்வாட்டத்தில் சேர்ந்து ஆடுவோர் அனைவரிடமும் களத்தின் ஒரே பதிப்பு இருத்தல் வேண்டும். இல்லாதவர்க்கு ஆட்டத்தை நடத்துவோரின் கணிப்பொறியே அதனை அனுப்பிவைக்கும். நெடுங்காலம் ஒரு களத்தின் அளவு 4 மெகாபைட்டிற்கு மேற்படலாகாது என்னும் வரம்பு இருந்தது. ஆதலின் அது கைமாறுதற்கு எளிதாயிற்று. ஒவ்வொரு பதிப்பும் எண் பெற்றது. பாடவேறுபாடுடைய இரு பிரதிகளை வைத்திருப்போர் ஒருங்கே ஆடவியலாது. ஆகவே ‘எந்தப் பதிப்பு’ என வினவுதல் ‘நீ எம்மவனா’ என வினவுதற்கு ஒப்பாயிற்று.

இரண்டாவது, முடிவுறாமை. நூற்றின் மேற்பட்ட வீரர்கள் காலப்போக்கிற் சேர்ந்த அக்களத்தில் ஒருவரது ஆற்றலைக் கூட்டினால் மற்றொருவர் தாழ்வர். அதனைச் சரிசெய்யின் வேறொரு குறை தோன்றும். முழுநிறைவு எய்தாத களம் எப்பொழுதும் கைகளை வேண்டி நின்றது. குறை கூறுவோர், புதுக்கருத்து வழங்குவோர், ஆடிச் சோதிப்போர், படம் வரைவோர் என அனைவர்க்கும் பணி இருந்தது.

மூன்றாவது, பெயர் நிலைத்தல். ஊதியம் ஏதுமில்லை, பெயர் ஒன்றே கைம்மாறு. களம் திறக்கும்பொழுது தோன்றும் ஓவியத்தை வரைந்தவரின் புனைபெயராகிய குன்கா என்பது களத்தின் வீரன் ஒருவனுக்குப் பெயராயிற்று. கோயில் திருப்பணியில் பொருள் ஈந்தோர் பெயரைக் கல்லில் வெட்டுதல் போல, உழைத்தோர் பெயர் களத்தினுள்ளேயே பதிந்தது. இயற்பெயர் மறைத்து வாழ்ந்த கூட்டத்தில் புனைபெயருக்குக் கிடைத்த இவ்வழியாமை சிறிய கொடையன்று.

5. உரிமையும் பிரிவும்

இம்மூன்றும் நிலைபெறுதற்கு அடிப்படையாக இருந்தது களம் தடையின்றிக் கைமாறியமை. யூல் 2004இல், தம் இசைவு பெறாமலே எவரும் தம் களத்தின் பதிப்பை வெளியிடலாம் என்றும், ஆக்கியோர் பட்டியலில் தம்மை நினைவு கூர்தல் போதும் என்றும் அறிவித்திருந்தார். குழுவின் வரலாற்றில் இதனையொத்த பெருந்தன்மை வேறில்லை. ஆயினும், இவ்வறிவிப்பின் சட்டப்பொருள் யாது என்னும் வினா பின்னர் நீதிமன்றம் வரை சென்றது.

களம் புகழ்பெறப் பெற அதன் விலையும் உயர்ந்தது. ஃபீக்கும் மெஸ்கானும் ரயட் நிறுவனத்தைச் சேர்ந்தனர். அந்நிறுவனம் 2009இல் ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் ஐஸ்ஃபிராக் வால்வ் நிறுவனத்தைச் சேர்ந்தார். 2010இல் வால்வ் டோட்டா என்னும் பெயருக்கு வணிகக் குறியுரிமை கோரியது. பலர் உழைப்பில் விளைந்த பெயர் ஒருவர்க்கே உரியதாதல் தகாது என மெஸ்கான் சார்பில் எதிர்விண்ணப்பம் எழுந்தது. அதே 2010இல் அவர் நடத்திய பழைய கூடுமிடம் மூடப்பட்டது. பல்லாண்டுகள் உறுப்பினர் எழுதிச் சேர்த்த கருத்துரைகள் அதனோடு கண்ணினின்று மறைந்தன. பெயரைக் காக்க எழுந்த குரலும் ஏட்டை மூடிய கையும் ஒரே பக்கத்தில் இருந்தமை இவ்வரலாற்றின் துயரம்.

2012இல் பிளிசார்டும் வால்வும் உடன்பாடு செய்துகொண்டன. வணிகத்திற்குரிய பெயர் வால்விடம் சென்றது; ஆடுவோர் ஆக்கும் களங்களில் வணிகமின்றி அப்பெயரை வழங்குதற்கு இடம் விடப்பட்டது. 2013இல் ‘டோட்டா 2’ வெளிவந்தது. 2017இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வேறொரு வழக்கை ஆராய்ந்த நீதிபதி சார்லஸ் பிரேயர், யூல் தம் உரிமையை முற்றும் துறந்தாரா என்பது ஜூரிகள் துணியவேண்டிய செய்தி எனக் கண்டார். கொடையாக வழங்கியதை உரிமைத் துறவு எனக் கொள்ளலாமோ என்பது அறநூலாரும் ஆராயத்தக்க வினாவே.

இறுதியாக, 2020இல் பிளிசார்ட் பழைய வார்கிராஃப்டைப் புதுக்கி வெளியிட்டபொழுது, அதன் கருவியால் ஆக்கப்படும் களங்கள் அனைத்தும் தனக்கே உரியன என விதித்தது. இனியொரு டோட்டா பிறர் கைக்குச் செல்லாதபடி இட்ட வேலி அது.

6. முடிவுரை

டீம் டிஎன்டி தன் தொகுதியை விற்றும் கலையவில்லை. டிடிஏவோ களம் விற்பனைப்பொருள் ஆனபின் பழைய குழுவாக நிற்கவில்லை. முன்னையதில் ஒரு தொகுதி விலைபோயிற்று. குழுவின் கை குழுவினிடமே இருந்தது. பின்னையதில் ஆக்குவோர் இரு பகை நிறுவனங்களிடையே பிரிந்தனர்; ஏனையோர் ஆடுவோராக மட்டும் எஞ்சினர். ஆட்டம் வளர்ந்தது, குழு ஒழிந்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை வரலாற்றாசிரியர் மறத்தலாகாது.

எனினும், மரபு அறுந்தது எனக் கூறுதற்கில்லை. டோட்டா 2இல் களம் ஆக்கும் வாய்ப்பு மீண்டும் வழங்கப்பட, 2019இல் சீனநாட்டுக் குழு ஒன்று ‘ஆட்டோ செஸ்’ என்னும் புதிய களத்தை ஆக்கியது. சில திங்களுள் பெருநிறுவனங்கள் அதனைப் போன்ற ஆட்டங்களை வெளியிட்டன. ஆக்குவோர் சிலர், ஆடுவோர் பலர், கொள்வோர் வேறு சிலர் என்னும் பழைய வரிசையே மீண்டும் நிகழ்ந்தது. களத்தைத் தொடர்ந்து திருத்தும் கைகள் உள்ளவரை குழு உண்டு. அக்கைகளைப் பிரிப்பது எதுவாயினும் அதுவே குழுவின் முடிவு.