முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகமும் கல்கத்தா நாளிதழ்களும்

கல்கத்தாவின் (இன்றைய கொல்கத்தா) முகம்மதன் ஸ்போர்ட்டிங் கால்பந்துக் கழகத்தைப் பற்றி அந்நகர நாளிதழ்கள் நடுநிலையுடன் எழுதினவா என்பது 1930களில் கால்பந்து இரசிகர்களிடையே கடும் வாதத்துக்கு உள்ளான ஒரு பொருளாகும். 1891 இல் தொடங்கப்பட்ட இக்கழகம் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா கால்பந்து லீக்கை வென்றது. 1898 இல் தொடங்கிய அந்தப் போட்டியை வென்ற முதல் இந்தியக் கழகமும் இதுவே. இந்த வெற்றி இந்தியர்களின் வெற்றியா, முசுலிம்களின் வெற்றியா என்பதில் நாளிதழ்கள் வேறுபட்டன. வாதத்தின் வேர் இங்கேயே உள்ளது.

பின்னணி

இந்தியக் கால்பந்துச் சங்கம் 1893 இல் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. நெடுங்காலம் அது ஐரோப்பியர்களின் செல்வாக்கின் கீழ் இருந்தது. லீக்கின் முதல் பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மட்டுமே இடம் என்ற கட்டுப்பாடு 1920களின் நடுப்பகுதி வரை நீடித்தது. 1925 இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் முதல் பிரிவுக்கு வந்ததை ஒட்டியே இக்கட்டுப்பாடு விலகியது.

இதற்கு முன்பே, 1911 சூலை 29 அன்று மோகன் பகான் கழகம் ஈஸ்ட் யார்க்சயர் படைப்பிரிவு அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. மோகன் பகான் வீரர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். காலணி அணிந்து ஆடிய ஒரே வீரரான சுதிர் சாட்டர்ஜி கிறித்தவர். அவ்வெற்றியைக் கல்கத்தாவின் 'த முசல்மான்' இதழ் மனமுவந்து பாராட்டியது. (1927 இல் சென்னையில் தொடங்கப்பட்டு, கையால் எழுதி அச்சிடப்படுவதால் புகழ்பெற்ற உருது நாளிதழான 'த முசல்மான்' வேறு.) முகம்மதன் கழகத்தார் அன்று மோகன் பகானின் வெற்றியைத் தங்களுடையதாகவே கொண்டாடினர். பின்னாளில் முகம்மதன் இரசிகர்களின் மனக்குறையை விளங்கிக்கொள்ள இச்செய்தி முக்கியமானது. தாம் அன்று காட்டிய பெருந்தன்மை தமக்குத் திருப்பிக் காட்டப்படவில்லை என்பதே அக்குறை.

ஐந்து ஆண்டு வெற்றி

முகம்மதன் கழகம் 1934 இல்தான் முதன்முறையாக முதல் பிரிவில் ஆடியது. அவ்வாண்டே வாகை சூடியது. 1936 இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் வென்றது. கல்கத்தாவின் கால்பந்துப் பருவம் மழைக்காலத்தில் வருவதால், வெறுங்காலுடன் ஆடும் இந்திய அணிகள் சேற்றில் வழுக்கித் தோற்பது வழக்கமாக இருந்தது. ஈரமான திடலில் காலணி அணிந்து ஆடும் முறையை இக்கழகம் கைக்கொண்டது. அத்துடன் பெங்களூர் முதலிய வெளி நகரங்களிலிருந்தும் திறமையான வீரர்களைத் திரட்டியது. சையது அப்துல் சமது, சும்மா கான் ஆகியோர் இக்காலத்தில் இக்கழகத்துக்கு ஆடிய புகழ்பெற்ற வீரர்கள்.

இதே அணியின் முகமது சலீம் 1936 இல் இசுக்கொட்லாந்து சென்று, கிளாசுகோவின் செல்டிக் கழகத்துக்காக வெறுங்காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடினார். அங்குள்ள நாளிதழ்கள் அவரைத் தலைப்பிட்டுப் புகழ்ந்தன.

நாளிதழ்களின் நிலைப்பாடு

தொலைக்காட்சி இல்லாத அக்காலத்தில் ஓர் ஆட்டத்தில் நடந்ததை மறுபடி பார்க்க வழியில்லை. மைதானத்தில் இடம் கிடைக்காதவருக்கும் கிழக்கு வங்காளத்தின் தொலைதூர ஊர்களில் இருந்த இரசிகருக்கும் மறுநாள் நாளிதழே சாட்சி. நடுவர் தந்த தண்டனை உதை சரியா, கோல் செல்லுமா என்பவற்றை அவர்கள் நாளிதழ் எழுதியபடியே அறிந்தனர். ஆகவே யார் எழுதுகிறார் என்பது சிறு கேள்வியன்று.

நகரின் பெரிய நாளிதழ்களான அமிர்த பசார் பத்திரிகா (1868), ஆனந்தபசார் பத்திரிகா (1922) ஆகியவை இந்துக்களால் நடத்தப்பட்ட தேசியவாத ஏடுகள். 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கிலேயருடையது. வங்காள மாகாண மக்கள் தொகையில் முசுலிம்களே பாதிக்கும் மேற்பட்டோர் எனினும், தலைநகரின் நாளிதழ்த் துறையில் அவர்களின் பங்கு மிகச் சிறியது. இந்நிலையில் 1930களில் ஆங்கிலத்தில் 'ஸ்டார் ஆஃப் இந்தியா'வும், 1936 இல் முகமது அக்ரம் கானின் வங்காளமொழி நாளிதழான 'ஆசாத்'தும் தோன்றின. இவை முகம்மதன் கழகத்தின் வெற்றிகளை முசுலிம் சமூகத்தின் எழுச்சியாக எழுதின.

தேசியவாத ஏடுகள் தொடக்கத்தில் 1934 வெற்றியை, ஐரோப்பிய அணிகளின் ஆதிக்கத்தை இந்தியர்கள் முறியடித்ததாக வரவேற்றன. வெற்றிகள் தொடரத் தொடர இந்த வரவேற்பு குறைந்தது. வெளி மாகாண வீரர்களை நம்பியிருப்பதும் ஒரே சமயத்தவரைக் கொண்டிருப்பதும் இக்கழகத்தின் மீது வைக்கப்பட்ட குறைகள். முதல் குறையில் ஓரளவு பொருள் உண்டு. வங்காள இளைஞர்களுக்கு வாய்ப்புக் குறைந்தது உண்மையே. இரண்டாவது குறையைச் சொன்னவர்கள் அதே அளவுகோலை நகரின் மற்ற கழகங்களுக்கு வைத்துப் பார்த்தார்களா என்பது ஐயத்துக்குரியது. ஐரோப்பியர் மட்டுமே ஆடிய கல்கத்தா கால்பந்துக் கழகம் அதே லீக்கில்தான் இருந்தது.

மறுபுறம், தோல்விகளுக்கு நடுவரின் ஓரவஞ்சனையைக் காரணம் காட்டும் போக்கு முசுலிம் ஏடுகளிடம் இருந்தது. 1932 இல் பிரித்தானிய அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, வங்காளச் சட்டமன்றத்தின் 250 இடங்களில் 119ஐ முசுலிம்களுக்கும் 80ஐப் பொதுத் தொகுதிகளுக்கும் ஒதுக்கியிருந்தது. அரசியலில் எழுந்த இப்பூசல் விளையாட்டுப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. இரு தரப்பு இரசிகர்களும் தத்தம் ஏட்டையே படித்ததால், ஒரே ஆட்டம் இரண்டு ஆட்டங்களாக நினைவில் நின்றது.

1939 விலகல்

1939 இல் முகம்மதன், ஈஸ்ட் பெங்கால், காளிகாட் ஆகிய கழகங்கள் இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் மீது குறை கூறி லீக்கிலிருந்து விலகின. அவ்வாண்டு மோகன் பகான் முதன்முறையாக லீக்கை வென்றது. இந்து இரசிகர்களையே பெரிதும் கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலும் விலகியது கவனிக்கத்தக்கது. முகம்மதன் இரசிகர்களின் முறையீடு முழுவதும் வகுப்புவாதக் கற்பனை என்ற கருத்துக்கு இது எதிரான சான்றாகும். விலகல் நீடிக்கவில்லை. 1940, 1941 ஆம் ஆண்டுகளில் முகம்மதன் மீண்டும் லீக்கை வென்றது. 1940 திசம்பரில் தில்லியில் ராயல் வார்விக்சயர் படைப்பிரிவை 2-1 என வென்று, டுராண்ட் கோப்பையைப் பெற்ற முதல் இந்தியக் கழகமாகவும் ஆனது.

பிரிவினைக்குப் பின், 1948 இல் 'ஆசாத்' டாக்காவுக்கு இடம்பெயர்ந்தது. கழகத்தின் இரசிகர்களிலும் பெரும் பகுதியினர் எல்லைக்கு அப்பால் போயினர். 1981க்குப் பிறகு 2021 இல்தான் கழகம் மீண்டும் கல்கத்தா லீக்கை வென்றது. 2023-24 இல் ஐ-லீக்கை வென்று இந்தியன் சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது.

பிற நாடுகளில்

கல்கத்தாவில் நாளிதழைக் குறை கூறியவர்கள் பெரும்பாலும் இரசிகர்கள். கழக நிர்வாகமே குறை கூறிய நிகழ்வு இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்தது. நியூகாசில் யுனைடெட் கழகத்தின் உரிமையாளர் மைக் ஆசுலிக்கு எதிராக 2013 அக்டோபரில் இரசிகர்கள் நடத்திய ஊர்வலத்தை உள்ளூர் ஏடுகளான குரோனிக்கிள், சர்னல், சண்டே சன் ஆகியவை விரிவாக வெளியிட்டன. பங்கேற்றோரின் எண்ணிக்கைக்கு ஒவ்வாத முக்கியத்துவம் தரப்பட்டதாகக் கூறி, அவற்றின் செய்தியாளர்களைக் கழகம் தன் செய்தியாளர் கூட்டங்களிலிருந்து விலக்கியது. 2015 சூனில் இசுடீவ் மெக்கிளாரன் பயிற்றுநராக அமர்த்தப்பட்டபோதும், கழகம் 'விருப்ப ஊடகப் பங்காளிகள்' எனத் தேர்ந்தெடுத்த இசுகை தொலைக்காட்சிக்கும் டெய்லி மிரர் நாளிதழுக்கும் மட்டுமே அவர் பேட்டியளித்தார். நாள்தோறும் அக்கழகத்தைப் பற்றி எழுதிவந்த உள்ளூர் நாளிதழ் அன்று வெளியில் நின்றது.