நமது கைப்பேசிக்கு மேலே ஐந்து பேர்



கவரேஜ் விழுந்தால் கம்பனியைத் திட்டுகிறோம். முகநூல் முடங்கினால் அரசாங்கத்தைத் திட்டுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அதன் முழுப் பெயர் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. செய்திகளில் டிஆர்சி என்பார்கள். அது எப்படி வந்தது, அதில் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1980 வரை தபாலும் தொலைபேசியும் ஒரே திணைக்களமாக இருந்தன. அந்த ஆண்டில்தான் தொலைத்தொடர்புத் திணைக்களம் தனியாகப் பிரிந்தது. பிரிந்த பிறகும் லைன் கொடுப்பதும் முறைப்பாடு கேட்பதும் அதே திணைக்களம்தான். விளையாடுகிறவனே நடுவராகவும் இருந்த காலம் அது. ஒரு லைனுக்காக வருடக்கணக்கில் காத்திருந்த கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் இதைப் பிரித்தது. சேவை வழங்க ஸ்ரீலங்கா டெலிகொம் என்ற கூட்டுத்தாபனமும், மேற்பார்வை செய்ய ஓர் அதிகாரசபையும் வந்தன. 1996இல் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த அதிகாரசபையை இன்றைய ஆணைக்குழுவாக மாற்றியது. அடுத்த ஆண்டே டெலிகொமின் 35 வீதப் பங்கு ஜப்பானின் என்டிடி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. தனியார் கம்பனிகள் சந்தைக்கு வரும்போது நடுநிலையான ஒரு நடுவர் தேவை. ஆணைக்குழுவுக்குச் சொல்லப்பட்ட நியாயம் அதுதான்.

சரி, அந்த நடுவர் யார்? உறுப்பினர்கள் ஐந்து பேர். தலைவர், விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சின் செயலாளர். இரண்டாமவர் அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் பணிப்பாளர் நாயகம். மற்ற மூவரும் சட்டம், நிதி, முகாமைத்துவம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களை நியமிப்பவர் அமைச்சர். அலைவரிசை ஒதுக்குவதும் கட்டணங்களுக்கு அனுமதி கொடுப்பதும் ஆணைக்குழுவின் வேலை. கம்பனிக்கு உரிமம் கொடுக்க அது பரிந்துரைக்கும், கொடுப்பவர் அமைச்சர்.

கவனித்தீர்களா? தலைவர் பதவிக்கு யாரையும் தேடித் தெரிவு செய்வதில்லை. அமைச்சின் செயலாளர் எவரோ அவரே தலைவர். அமைச்சு மாறினால் தலைவரும் மாறுவார். போதாததற்கு, டெலிகொமின் ஏறத்தாழப் பாதிப் பங்கு இன்றும் திறைசேரியிடம் இருக்கிறது. போட்டியில் ஓடுகிற ஒருவரின் வீட்டிலிருந்தே நடுவரும் வருகிறார்.

இதனால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது 2014இன் கடைசியில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன்னர். தொலைத்தொடர்பு விடயம் அப்போது ஜனாதிபதியிடம் இருந்ததால் ஜனாதிபதியின் செயலாளரே ஆணைக்குழுவின் தலைவர். ஆணைக்குழுவின் 600 மில்லியன் ரூபாவில் விகாரைகளுக்குச் செல்வோருக்கான சில் துணி வாங்கிப் பகிரப்பட்டது. 2017 செப்டம்பரில் கொழும்பு மேல் நீதிமன்றம் செயலாளரையும் பணிப்பாளர் நாயகத்தையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் முடித்துவிட்டது. ஆனால், தொலைபேசியை ஒழுங்குபடுத்தும் நிறுவனத்தின் காசு தேர்தல் காலத்தில் துணியாக மாற முடிந்தது எப்படி என்பது அமைப்பைப் பற்றிய கேள்வி. அது இன்னும் அப்படியே நிற்கிறது.

இரண்டாவது 2018 மார்ச், திகன. நமது மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்துகொண்டிருந்தபோது முகநூல், வாட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகளைத் தடுக்க அது தேவை என்றார்கள். வெறுப்பு பரவியது உண்மைதான், 2020இல் முகநூல் நிறுவனமே அதற்கு மன்னிப்புக் கேட்டது. ஆனால் உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கும் வழியும் அதே தடையில் அடைபட்டது. தடையை நீக்கியதும் ஆணைக்குழு தானாக எடுத்த முடிவல்ல, ஜனாதிபதி பணித்த பின்னரே நீங்கியது.

மூன்றாவது 2022 ஏப்ரல் 3. ஆர்ப்பாட்டங்களுக்கு முன் சமூக ஊடகங்கள் மூடப்பட்டன. பாதுகாப்பு அமைச்சு கேட்டது, செய்தோம் என்றது ஆணைக்குழு. அந்த அமைச்சுக்கு அப்படிக் கேட்க அதிகாரம் இல்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழு சொன்னது. அன்றைக்கே தடை நீங்கியது. "முடியாது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் ஏன் சொல்லவில்லை? சொல்லக்கூடிய ஆட்களாக அவர்கள் நியமிக்கப்படவில்லை என்பதே என் பதில்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவின் ஆணைக்குழுவிலும் ஐந்து பேர்தான். ஜனாதிபதி பெயர் சொன்னாலும் செனற் சபை அங்கீகரிக்க வேண்டும், ஒரே கட்சிக்காரர் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கும் குறைகள் உண்டு. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நம்மில் பலர் எதிர்த்தோம். அதன் ஆணைக்குழுவுக்கே ஐந்து பேரையும் நியமிக்க அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். தொலைபேசி ஆணைக்குழுவுக்கு அந்தச் சல்லடையும் கிடையாது.

2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்ப் பக்கம் நடந்த நாட்களில், ஓர் அழைப்பு கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் இடையில் என்ன இருந்தது என்பது இந்தப் பகுதியில் எந்த இனத்தவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அழைப்பை வெட்டும் கத்தி யார் கையில் இருக்கிறது என்று கேட்பது அரசியல் அல்ல, நமது உரிமை.

கேட்க வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தக் குடிமகனும் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்கலாம். நமது பகுதியில் கோபுரம் அமைக்கும் திட்டம் என்ன, கடந்த தடைகளுக்கு எழுத்தில் வந்த உத்தரவு எது என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கடிதம் எழுதத் தயக்கம் இருப்பவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.